தோளில் ஒரு கை

கொட்டாஞ்சேனை. பின்னேரம். ஏசி வேலைசெய்யவில்லை.
எமரென்சியா கேட்டது ஒன்றே ஒன்று:
"ஆளை வெட்டியாச்சு தம்பி,
இந்தக் கையையும் எடுத்துவிடுங்கோ."

படத்தில் காலிமுகத்திடல், காற்று.
அவள் தோளில்
மோதிரம் போட்ட, ஆளில்லாத ஒரு கை.

நான் டேப்லட்டைப் பார்ப்பதில்லை.
பேனை இங்கே நடக்கும், கண் அங்கே திரையில்.
பலகையில் ஒரு கோடும் விழாது;
முகங்கள் வந்துபோகிற இடம் மட்டும்
வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது.

அழுத்தினால் மை, தொட்டால் புகை.
மற்றத் தோளிலிருந்து நீலச் சேலையைக்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கடன் வாங்கி
சுண்டுவிரல்,
பிறகு மோதிரவிரல் (மோதிரம் மினுங்கியது,
இரண்டு தரம் அழித்தேன்),
கட்டைவிரல் போன இடத்தில் கடல் கொஞ்சம் வந்தது.

கை போய்விட்டது.
அது அமத்தின சுருக்கம் மட்டும்
சேலையில், தோளைப் பிடித்தபடி.

"அதையும் நேராக்கட்டோ?"

கதிரையை இழுத்துக் கிட்ட வந்தாள்.
வெளியே ஒரு பஸ்
ஹோர்ன் அடித்து முடியும்வரை பார்த்தாள்.

"எவ்வளவு?"
"அறுநூறு."
"சுருக்கத்துக்கும் சேர்த்தோ?"
"அது தனி."
"அப்ப கிடக்கட்டும்."

ஆயிரம் ரூபாய்த் தாளை மேசையில் வைத்தாள்.
மிச்சக்காசு கேட்கவில்லை.