திருட்டுத் தீவனம்

ஜமீனுக்கு வயிறு பெருத்தது
ஒரே கோடை விழாவில் அல்ல.
மூன்று வருடத்து மக்காச்சோளக் கதிர்,
மிளகாய் பஜ்ஜியில் மிளகாய் போக மீதி,
பிள்ளைகள் பாதி கடித்து நீட்டிய கிரீம் பிஸ்கட்.
ஏற்காட்டு ஏரிக்கரையில் எவர் கை நீண்டாலும்
அதில் தனக்கு ஒன்று உண்டென்று நம்பிய குதிரை.
குட்டைக் குதிரை, நெட்டை நாக்கு.

சேணத்து வார் கடைசித் துளையைத் தொட்டது.
அதற்கப்பால் ஆணியால் பிரிட்டோ ஒன்று குத்தினான்.
அதுவும் போதவில்லை.

மழை விட்ட ஒரு காலையில்
முன்னங்கால் இரண்டையும் எட்டி வைத்து,
கொதிக்கும் தார்ச்சாலையில் செருப்பைத் தொலைத்தவன்போல்
நின்றான்.
குளம்பைத் தொட்டேன்.
சுட்டது.

இருபது வளைவும் ஏறி வந்த டாக்டர் பூங்குழலி
கழுத்து மேட்டை அழுத்திப் பார்த்தார்.
விலா எலும்பைத் தேடினார். அகப்படவில்லை.
"கொள்ளு கூடாது, தவிடு கூடாது,
வெல்லம், மூச்!
காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் ஊறப்போட்டு
சர்க்கரை இறங்கினதும் வடிச்சு வைங்க.
கூடக் கொஞ்சம் வைக்கோல். எடை போட்டுத்தான்.
பட்டினி மட்டும் போட்டுடாதீங்க ரோசலின்,
அது வேற வினை."
சவாரியையும் சேர்த்து அடித்துவிட்டுப் போனார்.

காய்கறி வேனின் கூரையில் ஏறி
ஆத்தூர் வைக்கோல் மலைக்கு வந்தது.

முதல் நாள் முகர்ந்தான்.
மேலுதட்டைச் சுருட்டி
உப்பில்லாத ரசத்தைப் பரிமாறியவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தான்.
தொட்டியைக் கவிழ்த்தான்.
மறுநாள் அதன்மேல் ஏறி நின்றான்.

புதினா கிள்ளிப் போட்டேன்.
ஊரெல்லாம் கறிவேப்பிலையை ஒதுக்கிச் சோற்றைத் தின்னும்;
இவன் இலையைப் பொறுக்கிக்கொண்டு சோற்றை ஒதுக்கினான்.
புல் ஊறிய தண்ணீர் டீ நிறத்தில் வடியும்.
அதற்கு மட்டும் ஓடாத காலோடு ஓடி வந்தான்.
ஆரஞ்சு மரத்தடியில் கொட்டினேன்.
மரத்தை முறைத்தான்.

ஐந்தாம் நாள் நான் தோற்றேன்.
செலஸ்டின் வீட்டு மாடாவது தின்னட்டும் என்று
எல்லாவற்றையும் சாக்கில் அடைத்து
பிரிட்டோவின் ஸ்கூட்டரில் கட்டி வைத்து
கை கழுவப் போனேன்.

தடால்.

ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது.
சாக்குக்குள் ஒரு குதிரைத் தலை.
காதிரண்டும் பின்னால் படிந்திருக்க
அரைக்கிற சத்தம் மட்டும் வெளியே.
"டேய் திருடா!" என்று பிரிட்டோ கத்தினான்.
அவன் இன்னும் வேகமாய்த் தின்றான்.

அன்றிலிருந்து இதுதான் எங்கள் பிழைப்பு.
வேளைக்கு எடை போட்டு,
ஊறவைத்து, வடித்து, சாக்கில் திணித்து,
அவிழ்வதற்கென்றே ஒரு முடிச்சுப் போட்டு
ஸ்கூட்டரை அவன் கண்ணில் படுகிற இடத்தில் ஒளித்து
சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நிற்போம்.
மூன்று வாய் தின்றதும் பாய்வோம்.
"விடாதே, பிடி, என் வைக்கோல் போச்சே!"
பனியில் ஆள் தெரியாது, குரல் மட்டும் போகும்.
ஒருமுறை ஈரோட்டுக்காரர் ஒருவர்
குடையை ஓங்கிக்கொண்டு உதவிக்கு வந்துவிட்டார்.

ஆறாவது வாரம் டாக்டர் விலாவில் விரலை ஓட்டி
"ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றார்.
எப்படி என்று கேட்டார். காட்டினோம்.
கொஞ்ச நேரம் வெட்கப்பட்டுவிட்டு
அவரும் ஒரு தடவை "திருடன்" என்றார்,
இங்கிலீஷ் மருந்துச் சீட்டுக் குரலில்.
அவருக்காகவும் இரண்டு வாய் தின்றான்.

நேற்று எனக்குக் காய்ச்சல்.
பிரிட்டோ சேலத்துக்குப் போயிருந்தான்.
சாக்கைக் கட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.
கத்த மறந்துவிட்டது.

முடிச்சை அவிழ்த்தவன் நிமிர்ந்தான்.
வாயிலிருந்து வைக்கோல் இரண்டு பக்கமும் தொங்க
மெல்லாமல்
என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடப் பாவி," என்றேன்,
தொண்டையில் இருந்ததை எல்லாம் திரட்டி.

மென்றான்.