நாற்பத்து மூன்றாவது இலை

வெள்ளிக்கிழமைதோறும் மதலைமுத்து சுவாமி
சூளைமேட்டில் என் டிடிபி கடைக்கு வருவார்.
மழைக்கோட்டு தாள்கட்டுக்கு.
அவர் நனைந்திருப்பார்.

"கல்லூரிக்கு நூறு வயது.
மலரில் எட்டுப் பக்கம் தந்திருக்கிறார்கள்"
என்றார் முதல் நாள்.
அன்றே கையில் நாற்பது பக்கம்.
பாதிக்கு மேல் அடிக்குறிப்பு.

எனக்கு அந்தக் கல்லூரியைத் தெரியும்.
பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு
அதன் வாசலில் ஒரு காலை முழுக்க நின்றிருக்கிறேன்.
அவரிடம் சொல்லவில்லை.

எறும்பு ஊர்ந்த கையெழுத்து.
பிரெஞ்சு வந்தால் எழுத்துக்குக் கொம்பு முளைக்கும்.
லத்தீனை எண்ணி எண்ணி அடிப்பேன்.
நடுநடுவே நம்மூர்:
மண்ணெண்ணெய் ஒன்பதணா.
கரும்பலகைக்குக் கோவையிலையும் கரியும்.
பள்ளம் தூர்க்க ஆள் அறுபத்தெட்டு,
அதில் பாம்பு கடித்தவர் ஒருவர்,
பெயர் எழுதவில்லை.

கார்த்திகை அடைமழையில் ஒரு வெள்ளி,
ஈரக் குடையை மடக்காமலே சொன்னார்:
"சேர்க்கைப் பதிவேட்டில் விடுதிப் பையன்கள் நாற்பத்திரண்டு.
சமையல்கட்டுக் கணக்கில் வாழையிலை நாற்பத்து மூன்று."

"விருந்தாளியா இருக்கும் சாமி."

"இருநூற்றுப் பதினோரு நாளுமா?"

பிறகு மூன்று வாரம் வரவில்லை.
பரணில் வௌவால் எச்சத்துக்குள் இருந்தாராம்.
சேத்துப்பட்டில் ஒரு வீட்டில்,
கல்லூரிக்குத் துணி வெளுத்தவரின் கொள்ளுப்பேரனிடம்
மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு இருந்தாராம்.
அந்த நோட்டில் புள்ளியும் கோடுமாய்
வேட்டிக் குறிகள்.
எண்ணினார். மறுபடி எண்ணினார்.
நாற்பத்திரண்டுதான்.

சாப்பிட்டவன் உண்டு.
அவன் துணியைத் தொட்டவர் இல்லை.

அவர் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
இந்த ஊரில் இரண்டு பேருக்குப் புரிய
இவ்வளவு போதும்.

முதல் அதிபர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதம்
தை மாதம் கிடைத்தது.
ஒருவன் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்கிறான்,
மற்றவர்களின் பெற்றோர் இசையும்வரை
அவனிடம்...
அடுத்த சொல்லில் சுவாமி நின்றுவிட்டார்.
"பொறுமை என்று போடலாமா? காத்திருக்கச் சொன்னேன் என்றா?"

"அனுப்பிட்டாங்கன்னு போடுங்க சாமி."

என்னை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
மின்சாரம் போனது. யூபிஎஸ் கத்தியது.
பொறுமை என்றே அடிக்கச் சொன்னார்.
ஆனால் அதன் தலையில் ஓர் எண் வைத்தார்,
கீழே ஒன்றரைப் பக்கம் எழுதினார்.

மலர்க்குழுவில் பேராசிரியர் இஞ்ஞாசி
எட்டுப் பக்கம் என்றால் எட்டுதான் என்றார்.
முதலில் அடிக்குறிப்புகள் போயின.
பிறகு கோவையிலை, பாம்பு, வாழையிலை.
மிஞ்சியது ஒரு வாக்கியம்:
நாற்பத்திரண்டு மாணவர்களுடன் விடுதி தொடங்கிற்று.

அச்சுக்குப் போகும் இரவு சுவாமி போன் செய்தார்.
"இரண்டை மூன்றாக்கு."
ஆக்கினேன்.

ஆயர் கையால் வெளியீடு. முந்திரிக் கேக்.
அடுத்த வாரமே யாரோ கண்டுபிடித்து
பிழைதிருத்தம் ஒட்டச் சொல்லிவிட்டார்கள்.
கீழ்ப்படிதலுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தவர்,
அவரே துண்டுச்சீட்டோடு வந்தார்.
ஐந்நூறு பிரதி எடுத்தேன்.
காசும் வாங்கினேன்.

கடைத்தரையில் உட்கார்ந்து
இரவு பத்துவரை ஒட்டினோம்.

கோந்தை மட்டும்
கொஞ்சமாகத் தடவச் சொன்னார்.