பல்தடத்துக்கு முந்நூறு கழிவு

எஸ்பியர்க் துறைமுகத்தில் மழை
நின்று பெய்யாது, படுத்துக்கொண்டு வரும்.
அப்படியொரு புதன்கிழமை
கம்பளிக் காலுறைக்குள் ஒரு பைப்பைத் திணித்துக்கொண்டு
ரான்ஹில் ஸ்கோவ் என் கடைக்குள் வந்தாள்.
குடை இல்லை. வணக்கமும் இல்லை.
"எவ்வளவு கொடுப்பாய்?"

விளக்கை இழுத்துக் கீழே இறக்கினேன்.

பிரையர்.
கலாப்ரியா மலைச்சரிவில் ஒரு புதர்
தண்டுக்கும் வேருக்கும் நடுவே
முடிச்சிட்டுக்கொண்டு வீங்கிய இடம்.
கல்லைத் தின்று, கோடையைத் தின்று,
காட்டுத்தீ தலைக்கு மேல் போனபோது
மண்ணுக்குள் மூச்சடக்கிக் கிடந்த கட்டி.
தோண்டியெடுத்து, கொப்பரையில் பாதி நாள் வேகவைத்து,
கசப்பு இறங்கியதும்
வருடக்கணக்கில் இருட்டில் உலர்த்துவார்கள்.
வேறு மரத்தில் கடைந்து பாருங்கள்:
கிண்ணம் முதலில் எரியும்,
புகையிலை அப்புறம்.

இடப்பக்கம் ரேகைகள் நேர்நேராக ஓடின,
இந்த ஊர் மழைக்கு வராத ஒழுங்கு.
அடியில் பறவைக்கண் புள்ளிகள்.
வலப்பக்கம் எள்ளளவு குழி, மக்கு வைத்து அடைத்தது.
மரம் என்றைக்கோ ஒரு மணலை விழுங்கியிருக்கிறது.
அந்த ஓர் எள்ளுக்காக
கடையில் புதிதாக இருந்தபோதே
பாதி விலை போயிருக்கும்.

பென்சிலை எடுத்தேன்.
குழிக்கு இருநூறு குரோனர் கழிவு.
விளிம்பு கருகியதற்கு நூறு:
படகுத்தளத்தில், காற்றில், தீக்குச்சி தீக்குச்சியாய்ப் பற்றவைத்தது.
உள்ளே கரி அடையாய்ச் சேர்ந்து
சுண்டுவிரல் நுழையவில்லை.
நாணயக் கனம் இருந்தால் அது காவல்,
மிஞ்சினால் கிண்ணத்தையே பிளக்கும்.
அதற்கு ஐம்பது.
வாய்த்தண்டு கெட்டி ரப்பர்,
வெயில் குடித்துப் பாசிநிறம். துலக்கினால் போகும்.
போகாதது பல்தடம்.
மேலே ஒன்று, கீழே ஒன்று,
இன்னும் நாலு கடி கடித்தால் ஓட்டை.

"முந்நூறு கழிவு.
உங்கள் வீட்டுக்காரர் பலமாகத்தான் கடித்திருக்கிறார்."

வெடுக்கென்று பிடுங்கி
இடது கடைவாயில் வைத்துக் கடித்தாள்.
பூட்டுக்குள் சாவி போல
பல் போய் உட்கார்ந்தது.
எடுக்காமலேயே பேசினாள்:

"ஐனார் ஒரு சிகரெட்கூடத் தொட்டதில்லை. இருமல்காரன்.
மீன் ஏலத்தில் நிற்கும்போது இது.
வரிக்கணக்கு எழுதும்போது இது.
மூன்று பிரசவத்திலும் இதைத்தான் கடித்தேன்,
பற்றவைக்காமல்.
அந்த நர்ஸ் விடவில்லை."

பென்சிலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

"பிறகு எதற்கு விற்கிறீர்கள்?"

"வெள்ளிக்கிழமை கீழ்வரிசை முழுக்கப் பிடுங்குகிறார்கள்.
பல் டாக்டர் கேட்ட தொகையைச் சொன்னால்
நீ உட்கார்ந்துவிடுவாய்.
அதோடு, வெள்ளிக்குப் பிறகு
இந்தத் தடம் யாருடையது என்று
என்னாலேயே நிரூபிக்க முடியாது."

விலை பேசினோம்.
வாங்க அல்ல, பழுது பார்க்க.
கரி சுரண்ட அறுபது.
உப்பை நிரப்பி, சாராயம் சொட்டி,
ஓர் இரவு நிறுத்திவைக்க நாற்பது;
காலையில் உப்பு தேநீர் நிறத்தில் வெளியே வரும்,
அவளுடைய ஏலங்கள், குளிர்காலங்கள் எல்லாம் அதோடு.
கட்டுப்பல்லுக்கு மெத்தென்று ஒரு ரப்பர் உறை, இருபது.
தடத்தைச் சூட்டில் உப்பவைத்து அழிக்கலாம் என்றேன்.
"அதில் கை வைத்தால் உன் விரலைக் கடிப்பேன்.
வெள்ளி வரை என்னால் முடியும்."

நூற்றிருபதை எண்பதாக்கினாள்.

கதவருகே போனவளிடம்
வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்:
ஒரு நாள் பிடித்தால் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்,
ஈரம் காய வேண்டும்.
தண்ணீரில் கழுவாதீர்கள்.
சூடாக இருக்கும்போது
தண்டை மட்டும் திருகிக் கழற்றாதீர்கள்,
கழுத்து பிளந்துவிடும்.

"நாற்பத்தொரு வருடமாகச் சூட்டில்தான் கழற்றுகிறேன்"
என்று மழைக்குள் போனாள்.

உருப்பெருக்கியில் கழுத்தைப் பார்த்தேன்.
திருப்பிப் பார்த்தேன்.
மயிரிழை விரிசல் இல்லை.