இறக்குமதி

தடா தாண்டி ஏழாவது கிலோமீட்டரில்
ஒரு வெளிநாடு இருக்கிறது.
ஆரம்பாக்கத்தில் ஐந்தே முக்கால் வண்டி பிடித்து
பாஸ்போர்ட் இல்லாமல்
தினமும் போய்வருகிறேன்.

சட்டம் அப்படித்தான் சொல்கிறது:
சுங்கக் கணக்குக்கு மட்டும்
இந்தச் சுற்றுச்சுவருக்குள் இருப்பது இந்தியா அல்ல.
காக்கைக்கும் கொசுவுக்கும் செல்லாது.
கேன்டீன் சாம்பாருக்குச் செல்லுமா என்று
ஒருமுறை கேட்டேன்.
மொகந்தி சார் சிரிக்கவில்லை. விதியைத் தேடினார்.

என் வேலை தாள்.
உள்ளே கார்களுக்கு நரம்பு பின்னுகிறார்கள் பெண்கள்:
செம்புக் கம்பி, கறுப்பு டேப், மணிக்கு நாற்பத்திரண்டு.
கும்மிடிப்பூண்டிக்காரிகள் பாதி, சத்தியவேடுக்காரிகள் பாதி.
இரண்டு மாநில அட்டவணையில் எது குறைச்சலோ
அதைப் பேசிக் கூட்டிவந்தவன் பெஞ்சலய்யா.
ஒரு கட்டை ஏழு டாலருக்கு
சிங்கப்பூர்த் தங்கைக்கு விற்கிறோம்.
தங்கை அதைக் கண்ணால் பார்த்ததில்லை.
பத்தொன்பதுக்குத் திருப்பி விற்கிறாள்
எதிர்ச்சாரி கார் கம்பெனிக்கு.

லாரி போவது முந்நூறு மீட்டர்.
விலை போவது கடல்மேல்.
நடுவில் பன்னிரண்டு டாலர்
வரி குறைச்சலான துறைமுகத்தில் இறங்கி
அங்கேயே குடியேறிவிடுகிறது.
தப்பில்லை. ஆடிட்டர் கையெழுத்து இருக்கிறது.
கை நீட்டும் தூரத்து விலை என்று
அதற்கொரு பெயரும் உண்டு.
யார் கை என்று எழுதவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால்
லோடுமேன் முனிரத்தினம் வந்து நின்றான்.
உடைந்த பேலட் ஒன்று, வியட்நாம் முத்திரை குத்தியது,
ஷெட்டுக்குப் பின்னால் கிடக்கிறதாம்.
"ஆட்டுப்பட்டிக்குத் தலுப்பாகும் சார்."
கதவைச் சொல்கிறான். இந்தப் பக்கத்தில்
பாதிச் சொல்லுக்கு எல்லைக்கோடு கிடையாது.
அவன் வீடு சுவரிலிருந்து நாற்பது எட்டு.

நாற்பது எட்டுக்கு ஒரு படிவம்.
பொருள்: மரச்சட்டம், உடைந்தது.
பிறந்த நாடு: வியட்நாம்.
இறக்குமதியாளர்: ம. முனிரத்தினம்
(அடித்துவிட்டுக் கம்பெனி பெயர் போட்டேன்,
அவனிடம் உரிம எண் இல்லை,
ஆதாரில் தகப்பன் பெயரே பிழை.)
மதிப்பு?
என்ன போடட்டும் என்றேன்.
"உங்க இஷ்டம் சார்,
நீங்கதானே எல்லாத்துக்கும் விலை போடறீங்க."
அதில் குத்தல் இருந்ததா என்று
இன்னும் தெரியவில்லை.

திரும்பி வந்தது. புகை போட்ட சான்று எங்கே.
மறுபடி போனது.
மொகந்தி சார் கெட்டவர் இல்லை.
ஒரு பலகையை விட்டால்
நாளைக்கு ஒரு கன்டெய்னர் தன்னைப் பலகை என்று சொல்லும்,
சொல்லியிருக்கிறது, அவர் பார்த்திருக்கிறார்.

அந்த வாரம்தான் மேலிடத்து ஆட்கள் வந்தார்கள்.
பதினைந்தாம் வருஷத்தோடு வரிச்சலுகை முடிகிறது.
வேறு ஏதோ கடற்கரையின் படத்தை
மேசைமேல் விரித்திருந்தார்களாம்,
டீ கொண்டுபோன பையன் சொன்னான்.
அங்கேயும் ஒரு சுவர் வரைந்திருந்ததாம்.

பத்தொன்பதாம் நாள் கையெழுத்தானது.
சுங்கம் நாற்பத்தொரு ரூபாய், கட்டியது நான்.
அதற்குள் இரண்டு மழை.
"வேணாம் சார், பனமட்டையில கட்டியாச்சு" என்றான் முனிரத்தினம்,
கேட்டதே தப்பு என்பதுபோல.

இப்போது அது
உள்கேட்டுக்கும் வெளிகேட்டுக்கும் நடுவே
பத்தடி இடத்தில் சாய்ந்திருக்கிறது.
ஒரு நாட்டை விட்டாயிற்று,
இன்னொன்றுக்கு வந்து சேரவில்லை.
திரும்ப உள்ளே எடுத்தால் அது ஏற்றுமதி,
அதற்கு வேறு படிவம்.
சிவப்பெறும்பு ஏறியிருக்கிறது.
நாளைக்கு இருப்புக் கணக்கு.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது.