ஏழாம் வளையச் சுங்கச்சாவடி

என் விண்நிலையம் செவ்வாய் இரவு எட்டரைக்கு.
முனிரத்னத்தின் நிலையம் வியாழன், அதே எட்டரை.
கிழமையிலேயே கோள் இருப்பதால்
கேபிள்காரர்களுக்கு ஒரு செலவு மிச்சம்.

என்னுடையது சனியின் ஏழாம் வளையத்தில் நிற்கிறது.
கிரானைட் பட்டறையில் கழித்துப் போட்ட தகரம்,
மாம்பழக் கூழ் பீப்பாய் நான்கு,
அவைதாம் எரிகலன்கள்.
எந்த உலகத்து உயிரானாலும் அங்கே நின்று
ரசீது வாங்கித்தான் போகவேண்டும்.
ஆடியில் எழுதினேன்.
கார்த்திகையில் பழையபேட்டைக் கேபிளில்
அவனுடையது வந்தது.
வளையம் இல்லை, வால்நட்சத்திரம்.
ரசீது இல்லை, புறங்கையில் முத்திரை.
கூழ் பீப்பாய் மட்டும் அதே கூழ் பீப்பாய்,
சாயம் கூட அடிக்கவில்லை.

நோட்டுப் போட்டேன்.
இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன்.
என் தளபதி இடக்கையால் சாப்பிடுவாள்;
அவன் தளபதிக்கு இடக்கையே கிடையாது.
என் நீலவாசிகள் பொய் சொன்னால் தும்முவார்கள்;
அவன் ஆட்களுக்கு உண்மை சொன்னால் விக்கல்.
சட்டையைத் திருப்பிப் போட்டால்
தையல் உள்ளே போய்விடுமா?

ஒப்பனைக்கார பயாஸ் பாய் இரண்டு பக்கமும் போகிறவர்.
மடக்கிக் கேட்டேன்.
"காது மட்டும் ஒண்ணுதான் தம்பி.
செவ்வா கழட்டி வியாழன் ஒட்டுறேன்.
ரப்பர் என்ன விலை விக்குதுன்னு தெரியுமா?"

தை கடைசியில்
வரட்டனப்பள்ளி தாண்டி, கைவிட்ட குவாரியில்,
உயிரற்ற கோள் ஒன்றில் இறங்கினோம்.
என் தளபதி கத்தினாள்: "யாரது?"
எதிர்ப்பாறைக்குப் பின்னாலிருந்து "யாரது?"
மறுபடி கத்தினாள்.
மறுபடி வந்தது, கொஞ்சம் கரகரப்பாக.
எதிரொலிக்குச் சளி பிடிக்குமா என்று
ஒலிப்பதிவுப் பையன் கேட்டபோதுதான்
மேட்டின் மேல்
ஒரு கை இல்லாதவள் நிற்பதைப் பார்த்தோம்.

குவாரிக்காரன் இருவரிடமும் முன்பணம் வாங்கியிருந்தான்.

வெயில் இறங்கும் வரை
ஒரே கல்நிழலில் இரண்டு குழுவும்.
முனிரத்னம் பையைத் திறந்து
பேச்சில்லாமல் ஒரு நோட்டை நீட்டினான்.
நடுவில் கோடு.
இடப்பக்கம் அவன்.
வலப்பக்கம் நான்,
என் தும்மல்கள் தேதிவாரியாக.

"எங்க உக்காந்து எழுதின?" என்றான்.
"டோல்கேட் டீக்கடை. ராத்திரியில."
"உள்ளயா, வெளியவா?"
"உள்ள."
"நான் வெளிய பெஞ்சுல," என்று தலை குனிந்து சிரித்தான்.

அரியானா லாரி, நாகாலாந்து லாரி,
தெலுங்கில் திட்டிக் கன்னடத்தில் சமாதானமாகும் கிளீனர்கள்,
யாருக்கும் விரலால் விலை சொல்லும் டீ மாஸ்டர்,
தூக்கத்தில் சில்லறை எண்ணும் சாவடிப் பெண்.
அவளுக்கு நான் இடக்கையைக் கொடுத்தேன்.
அவன் எடுத்துக்கொண்டான்.

இருந்தாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.
ஆடி, கார்த்திகைக்கு முந்தியதுதானே?
அவன் நோட்டில் முந்தின பங்குனி என்று போட்டிருந்தது;
மை புதிதாகத் தெரிந்தது எனக்கு.
என் மையை
அவன் எப்படிப் பார்த்தானோ.

நாற்பத்தொன்றாம் பகுதி ஓடிய மறுநாள்
கேபிள் காசு வாங்க வந்த சின்னதிம்மன் சொன்னான்:
"அண்ணே, நேத்து அந்த அம்மா கடைசில சொல்லுச்சே,
'வழி கேட்டு நிக்கிறவன் பாதி வந்துட்டவன்'னு,
அது போன வியாழனே வந்துருச்சே."

அந்த வரி எனக்கு வந்தது
குளிக்கும்போது. ஈரத்தோடு ஓடிவந்து எழுதினேன்.
சத்தியமாக.

கதவைச் சாத்திவிட்டு நோட்டைப் புரட்டினேன்.
என் கையெழுத்தில் இருந்தது,
வலப்பக்கம்.

இன்று வியாழன்.
எட்டரைக்கு ஐந்து நிமிடம்.
திருட்டைப் பிடிக்கத்தான் டிவி முன் உட்கார்ந்திருக்கிறேன்
என்று வீட்டில் சொல்லியாயிற்று.
பேனா மூடியைக் கழற்றி
பின்புறம் செருகிக்கொண்டேன்.