விற்ற வண்டி

முன்பணம் நூறு டாலர் தந்துவிட்டான் டெல்பர்ட்.
வியாழக்கிழமை ஓட்டிப்போவதாகப் பேச்சு.
மூன்று நாளாகக் காணாத சாம்பல் வான்கோழியை
நரிக்கணக்கில் எழுதிவிட்டேன் நான்.

கதவைத் திறந்தான்.
புஸ்ஸென்று ஒரு சத்தம்.
காற்று இறங்குகிறதென்று
நாலு டயரையும் உதைத்துப் பார்த்தான்.

ஓட்டுநர் இருக்கையில், பிய்ந்த பஞ்சின் மேல்,
இறகைச் சிலிர்த்துத் தட்டையாகப் பரந்து கிடந்தது அது.
அடியில் கைவிட்டேன்:
மணிக்கட்டில் இரண்டு கொத்து,
பதினொரு முட்டை, எங்கிருந்தோ ஒரு கோல்ஃப் பந்து,
தன் நெஞ்சிலிருந்து பிடுங்கிப் போட்ட தூவி.
இப்போதுதான் அணைத்த எஞ்சின்போலச் சூடு.

இருபத்தெட்டு நாள் அடை என்றேன்.
மூன்று போக இருபத்தைந்து.
பணத்தைத் திருப்பிக் கேட்பான் என்றிருந்தேன்;
சாவியைக் கேட்டான்.

அப்புறம் தினமும் மரஅறுவை ஆலை விட்டதும் வருவான்.
பக்கத்து இருக்கையில் ரொட்டி தின்பான்.
அது இறங்கும், நாளுக்கு ஒரே தடவை,
சோளம், தண்ணீர், புழுதிக் குளியல்,
ஊரே மூக்கைப் பொத்தும் ஒரு எச்சம்.
திரும்பும்வரை முட்டைகளுக்கு
இவன் தொப்பிதான் கூரை.

மிசௌரியில் ஜூன் பிறந்தது.
ஒன்பது குஞ்சு
தாயோடு புல்லுக்குள் போய்விட்டன.
இரண்டு கூமுட்டையைக் குழியில் போட்டான்.
பந்தைச் சட்டைப்பைக்குள் வைத்தான்,
தூவி ஒட்டிய இருக்கையில் அமர்ந்து
சாவியைத் திருகினான்.

ஒன்றுமில்லை.
இன்னொரு தடவை. ஒன்றுமில்லை.

ஸ்டீயரிங்கைத் தட்டிச் சொன்னான்,
"மூணாவது கூமுட்டை."