ஐம்பத்தைந்து மில்லிமீட்டர்

வில்லைக்கும் கேமராவின் சில்லுக்கும் நடுவே
ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் இருந்தாக வேண்டும்.
கேமராவுக்கு ஒரு வளையம், வளையத்துக்கு ஒரு கழுத்து,
கழுத்துக்குள் இன்னொரு கழுத்து,
எல்லாம் திருகி முடித்து அளந்தால்
ஐம்பத்து மூன்று புள்ளி ஏழு.

பாக்கி, பத்து சென் காசைவிடக் கொஞ்சம் மெல்லிசு.
அதில் என்ன குடிமுழுகிவிடும் என்றுதான் இருந்தேன்.
படத்தின் நடுவில் நட்சத்திரங்கள் கடுகாய்ச் சமர்த்தாக நின்றன.
ஓரத்துக்குப் போகப்போக
வால் முளைத்து
நாலு மூலைக்கும் சிதறின,
நடுவில் யாரோ கல்லெறிந்த மாதிரி.

ஆ செங் இரும்புக்கடையில் வாஷர் கேட்டேன்.
"எந்தக் குழாய்க்கு?"
வானத்துக்கு என்று சொல்லக் கூச்சம்.
அவர் ஒரு மைலோ டின்னைக் கவிழ்த்துப் பரப்பினார்;
எல்லாம் கழிவறைத் தொட்டிக்கு உரியவை.
ரப்பர் அமுங்கியது, கேமரா ஒரு பக்கம் தலை சாய்த்தது.
கடைசியில் மார்ஜரின் டப்பா மூடிதான் கைகொடுத்தது:
காம்பஸில் வட்டமிட்டு, பிளேடால் நறுக்கி,
இரண்டு வளையம், ஒன்றன்மேல் ஒன்று.
வெர்னியர் ஒன்று புள்ளி மூன்று காட்டியதும்
சமையலறையில் தனியாகக் கைதட்டினேன்.

சுங்கை ஆரா. காடி நிறுத்தும் ஐந்தாம் மாடி.
துருவ நட்சத்திரம் இந்தத் தீவில் ஐந்து பாகைதான் எழும்பும்;
அதையும் எதிர் பிளாட்டில் யாரோ காயப்போட்ட போர்வை மறைக்கிறது.
குத்துமதிப்பாக வடக்கே திருப்பி வைத்தேன்.

காவலர் ரோஸ்லான் மின்சாரம் தந்தார்,
சனிக்கிரகத்தைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையில்.
"சனி விடியக்காலைதான் வரும்."
"அப்போ எனக்கு டியூட்டி முடிஞ்சிடும்."
குனிந்து குழாயின் பின்பக்கம் துழாவினார்.
"எங்க கண்ணை வைக்கிறது?"
கண் வைக்கும் இடத்தில்தான்
கேமராவை மாட்டியிருக்கிறேன்.
"அப்போ நீ இங்க என்ன செய்ற?"

கொசு அடிக்கிறேன்.
வில்லையில் ஈரம் பூத்தால்
தலைமுடி உலர்த்தும் மெஷினால் ஊதுகிறேன்.
முப்பது முப்பது விநாடியாக எண்ணுகிறேன்.
தெற்கே, விமான நிலைய வெளிச்சத்துக்கு மேலே,
எங்கள் வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில்
ஒமேகா சென்டாரி இருக்கிறது, கோடி நட்சத்திரத்தோடு,
என்கிறது அட்டவணை.

முப்பத்தோராவது படத்தில் சரக்கு விமானம் ஏறியது.
நேர் குறுக்காக.
ரோஸ்லான் அண்ணாந்து பார்த்தார். நான் திட்டினேன்.
அப்புறம்தான் உறைத்தது:
வியாழக்கிழமை நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்
கையெழுத்திட்ட சில்லுகள்
இதில்தான் போகின்றனவோ என்னவோ.

மறுநாள் எண்பது படங்களையும் கணினியில் அடுக்கினேன்.
எல்லாவற்றிலும் இருப்பதை அது நம்பும்.
ஒன்றில் மட்டும் வருவதை அழுக்கென்று துடைக்கும்.
பாயான் லெப்பாஸில் எனக்கும் அதே வேலைதான்,
எட்டு மணி நேரம், முகமூடிக்குள் மூச்சு வேர்க்க:
தட்டில் ஒன்று மட்டும் வேறாகத் தெரிந்தால்
உறிஞ்சு குழலால் எடுத்துச் சிவப்பு டப்பாவில் போடு.
ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்க
அங்கே வேறு இலாகா உண்டு.

விமானம் போயே போய்விட்டது.
கொத்து எழுந்து வந்தது,
கறுப்புத் துணியில் ரவைப் பை கிழிந்ததுபோல,
நடுவில் குவியலாக, ஓரத்தில் ஒவ்வொன்றாக.
அரை மணி நேரம் கோப்பியைத் தொடாமல் பார்த்தேன்.

ரோஸ்லானிடம் இரண்டையும் காட்டினேன்.
துடைத்த படத்துக்கு ஒரு "ம்".
முப்பத்தோராவதில் விரலை வைத்து
அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து
மறு முனைவரை மெல்ல இழுத்தார்.
"இது நான் பார்த்தது."
அவர் போனுக்கு அதைத்தான் அனுப்பினேன்.

கீழ் இடது மூலையில் இன்னும் லேசாக வால் இருக்கிறது.
மார்ஜரின் மூடியில் அந்தப் பக்கம்
கம்பெனி பெயர் புடைத்திருந்ததைக்
கவனிக்காமல் நறுக்கிவிட்டேன்.